பிடரி பொய் சொல்லாது

“யாரு கூட சண்டை போட்டுட்டு வந்தே?” என்று கேட்டுக்கொண்டே வெர்னெட்டா பிக்கெட் என் உச்சந்தலையில் இரண்டு விரல்களை வைத்து அழுத்துகிறாள். யாருடனும் இல்லை என்கிறேன். “மண்டைத் தோல் இப்படி இறுகிக் கெடக்கு, இல்லைங்கிறே. உன் தங்கச்சியா?” தங்கைதான். அன்று காலை தொலைபேசியில் ஒரு மணி நேரம். அதை நான் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஹூஸ்டனில், தேர்ட் வார்ட் என்கிற வட்டாரத்தில், ஒரு சலவைக் கடைக்கும் கோழி வறுக்கிற கடைக்கும் நடுவே இருக்கிறது அவளுடைய முடியலங்காரக் கடை. பதினோரு வருடமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அங்கே போய் உட்காருகிறேன். இத்தனை வருடத்தில் அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது நாலைந்து தடவை இருக்கலாம். பேசுவது, சிரிப்பது, திட்டுவது எல்லாம் எதிரே உள்ள கண்ணாடி வழியாகத்தான். தெருவில் எதிரே வந்தால் ஒரு நொடி விழிப்பாள். நாம் திரும்பி நடந்தால் போதும், “ஏ கோரா!” என்று பின்னாலிருந்து குரல் வரும். தேவாலயத்தில் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். முன்னால் இருக்கும் தலைகளையெல்லாம் பார்த்துவிட்டு, யார் வீட்டில் என்ன என்று மெதுவாகச் சொல்வாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

“மூஞ்சி நடிக்கும், கோரா. சின்னப் புள்ளையிலேர்ந்து பழக்கியிருக்கோம்ல. பிடரிக்கு யாரும் நடிக்கக் கத்துக்கொடுக்கல” என்பாள்.

அவள் கை ஓய்ந்து நான் பார்த்ததில்லை. நாற்பத்திரண்டு வயது, அகலமான தோள், வலது காதின் மேல் எப்போதும் ஒரு வால்சீப்பு. சாமான் தட்டு அவளுக்குப் பின்னால் நிற்கும். திரும்பியே பார்க்க மாட்டாள். வலது கையைப் பின்னால் நீட்டினால் முடி கலையாமல் நிறுத்துகிற ஸ்பிரே, இடது கையை நீட்டினால் பளபளப்புக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு டப்பா. “லேபிள் படிக்கிறவ புதுசா தொழிலுக்கு வந்தவ” என்று பெருமையடிப்பாள். இந்தப் பெருமை பின்னால் என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

அவளுக்கு ஒரே மகள், ஜொனெல். பதின்மூன்று வயது. அப்பா ஹூஸ்டனுக்குத் தெற்கே வளைகுடாக் கடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்க்கிறார். மூன்று வாரம் கடல், மூன்று வாரம் வீடு. ஆகவே பள்ளி விட்டதும் பிள்ளை கடைக்கு வந்துவிடும். தலை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து வரையும். ஐந்து வயதில் உட்கார்ந்த இடம். அங்கிருந்து பார்த்தால் நாற்காலிகளில் இருப்பவர்களின் பின்மண்டை மட்டும்தான் தெரியும். அதனால் பிள்ளை பின்மண்டையாக வரைந்து தள்ளியது. பாதி பின்னிய தலை, சோப்பு நுரையோடு தலை, தூங்கி ஒருபக்கம் சாய்ந்த தலை. என் பிடரியை அவள் கரியில் வரைந்த படம் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்த என் தங்கை, “ரொம்பக் கோவமா இருக்கியே இதுல” என்றாள். முகமே இல்லாத படம் அது.

போன வருடம் ஜொனெலுடைய பள்ளி ஓவிய ஆசிரியர், நகரத்துக் கலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அங்கே பாட்டு, ஆட்டம், நாடகம், ஓவியம் என்று பிரித்து எடுப்பார்கள். ஓவியத்துக்கு நாற்பது இடம், கேட்டு வருவது முந்நூறு பிள்ளைகள். கிடைக்காவிட்டால் எங்கள் பகுதிப் பள்ளி. மோசமான பள்ளி இல்லை, ஆனால் அங்கே ஓவிய வகுப்பை நிறுத்தி ஒரு வருடமாகிறது. அந்த அறையில் இப்போது பழைய மேசைகளை அடுக்கியிருக்கிறார்கள். வெர்னெட்டா ஒருநாள் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று முழுவதும் யாரிடமும் வம்பு பேசவில்லை.

நவம்பரில் விண்ணப்பம் அனுப்பிய மறுநாள் வெர்னெட்டா தலையில் ஒரு ஊதாத் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். புள்ளைக்கு இடம் கிடைக்கிற வரைக்கும் தன் தலையில் சீப்புப் படாது, துணியை அவிழ்க்க மாட்டேன் என்று கர்த்தரிடம் சொல்லிவிட்டாளாம். முடியலங்காரக் கடைக்காரியே தலையை மூடிக்கொண்டு நின்றால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

“கிடைக்கலேன்னா?” என்று கேட்டார் மிஸ் பெர்ல். எழுபது வயது, வாய் மட்டும் இருபது. தலைமுடி உலர்த்துகிற ட்ரையருக்கு அடியில் உட்கார்ந்தால் தனக்குக் காது கேட்காததால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்துக் கத்துவார்.

“கிடைக்கலேன்னா இப்படியே பொட்டியில வச்சு மூடுங்க.”

“ஊதா எனக்குப் பிடிக்காது. நான் சாவுக்கு வரமாட்டேன்.”

சிரித்தோம். ஆனால் அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் நடமாடினாள். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை தலை கழுவினாள். ஒருத்திக்குத் தோளில் போடுகிற அங்கி இரண்டைப் போர்த்திவிட்டாள். பள்ளியின் விதிகளை வேதாகமத்துச் சங்கீதம் மாதிரி மனப்பாடமாகச் சொல்வாள்: “எட்டுப் படம். பேரு பின்பக்கம்தான் எழுதணும். ஒன்னுல ஒரு பொருள், இன்னொன்னுல ஒரு இடம். ஒரு படத்துல முகம் இருக்கணும், ஃபோட்டோவைப் பார்த்து வரையக் கூடாது, உயிரோட பார்த்து வரையணும்.” கடைசி விதிக்கு வரும்போது குரல் இறங்கும். பிள்ளையிடம் இருந்த ஆள் படமெல்லாம் பின்மண்டை. டிசம்பர் முழுவதும் குளியலறைக் கண்ணாடியில் தன்னையே பார்த்துப் பார்த்து ஜொனெல் ஒரு முகத்தை வரைந்து முடித்தாள். நான் ஓவியம் அறிந்தவள் இல்லை. ஆனாலும் அந்தப் படத்துக் கண் நம்மை விடாது.

ஒருநாள் என் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே வெர்னெட்டா சொன்னாள்: “ஒரு தலையை முடிச்சுட்டு நாற்காலியைச் சுத்தி விட்டா, நல்லா வந்திருக்கா இல்லையான்னு எனக்கே தெரியும். யாரும் சொல்ல வேணாம். இவ படத்தைப் பார்த்தா எனக்கு ஒன்னும் தெரியல, கோரா. பார்க்கறேன், பார்க்கறேன், தெரியல. நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாத ஒரே வேலை என் புள்ள வேலைதான்.” கண்ணாடியில் அவள் முகம் சாதாரணமாக இருந்தது. அவள் பிடரியை நான் பார்க்க முடியவில்லை.

தேர்வு ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. முந்தின நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கடையில் நானும் மிஸ் பெர்லும் இருந்தோம். எட்டுப் படங்களையும் தலை கழுவும் நாற்காலிகளில் பரப்பி வைத்திருந்தாள் ஜொனெல். கரியில் வரைந்தால் தொட்ட இடம் கையோடு வந்துவிடும். அதை நிறுத்த ஒரு ஸ்பிரே உண்டு. ஆசிரியர் கொடுத்த சின்ன டப்பா தீர்ந்துபோய் வெறும் காற்றைத் துப்பியது. அப்போது நான் வாயைத் திறந்தேன்.

“முடிக்கு அடிக்கிற ஸ்பிரேயே போதும். புத்தகத்துல படிச்சிருக்கேன்.”

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். புத்தகத்தில் படித்தேன் என்றால் இந்தக் கடையில் மறுபேச்சு இல்லை. படித்ததும் உண்மைதான். ஜொனெல் கை கழுவப் போயிருந்தாள். வெர்னெட்டா, “முதல்ல இருக்கறதுலயே நல்ல படத்துக்கு அடிப்போம்” என்று முகப் படத்தைத் தூக்கி நிறுத்தினாள். படம் இருந்த நாற்காலி தட்டுக்கு எதிர்ப்பக்கம். அவள் தட்டைப் பார்த்தபடி நின்று, வலது கையை நீட்டி, வலது பக்கத்து டப்பாவை எடுத்தாள். வாழ்நாள் முழுவதும் அந்தத் தட்டுக்கு முதுகைக் காட்டியே நின்றவள். நேருக்கு நேர் நின்றால் வலது இடதாகிவிடும் என்பது அவள் கைக்கு எப்படித் தெரியும்?

நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் ஒரே இழுப்பாக அடித்தாள். முதலில் அழகாக மினுங்கியது. பிறகு தாள், வறுத்த மீன் கட்டிய காகிதம் மாதிரி, பின்னால் இருந்த நாற்காலியைக் காட்ட ஆரம்பித்தது. கரி எண்ணெயோடு கண்ணிலிருந்து வழிந்தது. வெர்னெட்டா டப்பாவைத் திருப்பி, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, லேபிளைப் படித்தாள்.

ஜொனெல் துண்டோடு வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

“எதைம்மா அடிச்சே?”

வெர்னெட்டா தாளைத் துண்டால் ஒற்றினாள். ஒற்றிய இடம் இன்னும் பரவியது. ட்ரையருக்கு அடியிலிருந்து மிஸ் பெர்ல், “என்ன ஆச்சு? யாரு செத்தது?” என்று கத்தினார். நான் மற்ற ஏழு படங்களையும் எட்ட நகர்த்தி வைத்தேன். யோசனை சொன்னவள் நான்தானே.

“நான் கொன்னுட்டேன்டி” என்றாள் வெர்னெட்டா மெதுவாக. “உன் மூஞ்சியை நானே கொன்னுட்டேன்.”

“விடும்மா. மணி என்ன?”

“மூணேகால்.”

“வெளிச்சம் அஞ்சரை வரைக்கும் இருக்கும்” என்றது பிள்ளை. “உக்காரு.”

“நானா?”

“உயிரோட பார்த்து வரையணும்னு நீதானே தினமும் ஜெபம் மாதிரி சொல்லிக்கிட்டு இருக்கே. உக்காரு.”

“கோராவை வரையேன். அவ சும்மாதான் இருக்கா.”

“மிஸ் கோரா தலை பாதியில நிக்குது. நீ உக்காருமா.”

தன் கடை நாற்காலியில் வெர்னெட்டா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தாள். ஜொனெல் வாளியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “கண்ணாடியைப் பார்க்காதே. என்னைப் பாரு” என்றாள். நாற்காலி பாதி சுற்றி நின்றது. “இன்னும்.” முழுதாகச் சுற்றியது. தாயும் மகளும் மூன்றடி தூரத்தில் நேருக்கு நேர். வெர்னெட்டாவுக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிள்ளையின் நெற்றி, ஜன்னல், கூரை விசிறி என்று பார்வை ஓடி ஓடி வந்தது.

“கையை ஆட்டாதே.”

“எங்க ஆட்டுறேன்?”

ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். மடியில் விரல்கள் காற்றைப் பின்னிக்கொண்டிருந்தன. நான் ஒரு சீப்பைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தொலைபேசி அடித்தது. எழப்போனவளை மகள் ஒரு பார்வையில் உட்கார வைத்தாள். நான் எடுத்து, இன்றைக்குக் கடை இல்லை என்றேன். மறுபடி அடித்தது, மறுபடியும் சொன்னேன். மிஸ் பெர்ல் முடி சுருட்டுகிற குழல்கள் மாட்டிய தலையோடு ட்ரையரிலிருந்து வெளியே வந்து, நிலைமையைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அரை மணிக்கு மேல் பேசாமலிருந்ததை இந்த வட்டாரத்தில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஐந்தேகாலுக்குப் படம் முடிந்தது. வெர்னெட்டா எழுந்து வந்து பார்த்தாள். தலைத்துணி, அதன் முடிச்சு, சீப்பைப் பிடித்த இரண்டு கைகள், நடுவே அவள் முகம்.

“நான் இவ்வளவு பயந்தா இருக்கேன்?”

“அப்படித்தான்மா இருந்தே.”

“என்னைக்கிலேர்ந்து?”

ஜொனெல் கரி படிந்த விரலை மூக்கில் தேய்த்துக்கொண்டு யோசித்தாள். “நவம்பர்லேர்ந்து” என்றாள்.

பிறகு ஸ்பிரே அடிக்க வேண்டியிருந்தது. வெர்னெட்டா தட்டின் பக்கமே போகவில்லை. மகளையே எடுக்கச் சொல்லி, லேபிளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, என்னையும் ஒருமுறை படிக்கச் சொல்லி, போதாததற்கு மூக்குக் கண்ணாடி இல்லாத மிஸ் பெர்லையும் படிக்க வைத்தாள். மறுநாளே எண்ணெய் டப்பாக்களுக்கெல்லாம் சிவப்பு டேப் சுற்றினாள். இன்றைக்கும் இருக்கிறது.

சனிக்கிழமை அவர்களை என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். குற்றவுணர்ச்சிக்கு அதுவாவது செய்ய வேண்டாமா? பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் பெற்றோர்களை உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளை எண் ஒட்டிக் குழுகுழுவாக உள்ளே அழைத்துப் போனார்கள். ஜொனெல் நூற்றுப் பதினேழு. கூடத்தில் எள் விழ இடமில்லை. ஒருவர் டிரம்பெட் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும். ஒரு அம்மா நாடகத் தேர்வுக்கான வசனத்தை உதட்டசைவில் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டத் தேர்வுக்கு வந்த ஒரு சிறுமி கொண்டை சரிந்து அழுகிற நிலையில் நின்றாள். வெர்னெட்டா கேட்கக்கூட இல்லை. பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பி, வால்சீப்பை உருவி, இரண்டு நிமிடத்தில் கொண்டையைக் கட்டினாள். “மண்டை நல்லா தளர்ந்துதான் இருக்கு, கண்ணு. நீ பயப்படல. உங்கம்மாதான் பயப்படறாங்க. போ.” அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடுத்த அரை மணியில் வெர்னெட்டா முன்னால் ஏழு சிறுமிகள் வரிசையில் நின்றார்கள்.

பதினொரு மணிக்கு ஜொனெல் வெளியே வந்தாள். உள்ளே ஒரு கசங்கிய காகிதப் பையை வரையச் சொன்னார்களாம். பிறகு மூன்று பேர் உட்கார்ந்து எட்டுப் படங்களையும் பரப்பிப் பார்த்தார்களாம்.

“என்ன சொன்னாங்க?”

“ஏன் எல்லாரும் திரும்பி இருக்காங்கன்னு கேட்டாங்க. நான் உக்காருற இடம் அதுன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“இவங்க மட்டும் ஏன் நேரா இருக்காங்கன்னு உன் படத்தைக் காட்டிக் கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“நான் திரும்பச் சொன்னேன், திரும்பினாங்கன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“தேங்க்யூ சொன்னாங்க.”

அந்தத் தேங்க்யூவை வைத்துக்கொண்டு வெர்னெட்டா ஒன்பது வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தினாள். நீட்டிச் சொன்னார்களா, சுருக்கிச் சொன்னார்களா, மூன்று பேரும் சொன்னார்களா, ஒருத்தர் மட்டுமா. பிள்ளையிடம் கேட்டுக் கேட்டு, பிள்ளை வாளியைத் தூக்கிக்கொண்டு சலவைக் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தது. ஊதாத் துணி வெளுத்து, வெள்ளி மயிர் இரண்டு காதோரம் எட்டிப் பார்த்தது. கடைக்குப் புதிதாக வந்த ஒருத்தி அவள் தலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். “போகட்டும்” என்றாள் வெர்னெட்டா. அவள் தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறியே நின்றன.

முடிவு மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரும் என்று எழுதியிருந்தார்கள். அன்று நாலு மணிக்கு என் தலைதான் அவள் கையில் இருந்தது. பாதி முடி, சுருள் நேராக அடுப்பில் காய வைக்கிற சூட்டுச் சீப்பில் நீவி முடிந்தது, பாதி காடு. ஜொனெல் சலவைக் கடையிலிருந்து திரும்பி, பழைய இடத்தில், தொட்டியருகே வாளியில் உட்கார்ந்திருந்தாள். கையில் தொலைபேசி. கண்ணாடியில் எனக்கு அவள் தெரிந்தாள். வெர்னெட்டாவுக்கும் தெரிந்திருப்பாள். ஆனால் வெர்னெட்டா அன்று கண்ணாடியையே பார்க்கவில்லை. என் பிடரியைப் பார்த்தபடி சீப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணி இரண்டு நிமிடத்துக்குத் தொலைபேசி ஒரு சின்னச் சத்தம் போட்டது. ஜொனெல் குனிந்தாள். அவள் முகத்தின் மேல் முடி விழுந்துவிட்டது. மிஸ் பெர்ல் தானே கையை நீட்டி ட்ரையரை அணைத்தார்.

“அம்மா” என்றாள் ஜொனெல். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

வெர்னெட்டா சூட்டுச் சீப்பை அடுப்பின் மேல் வைத்தாள். என் நாற்காலி குறுக்கே இருந்தது. அதை ஒரு கையால் வாசல் பக்கமாகத் தள்ளிச் சுழற்றிவிட்டாள். தானும் திரும்பினாள். கண்ணாடி வழியாக அல்ல, நேராகத் திரும்பி, இரண்டடி எடுத்து வைத்து மகளின் முகத்தைப் பார்த்தாள். நான் கழுத்தை ஒடித்துத் திரும்பியபோது ஜொனெலை அவள் முழுதாக மறைத்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெர்னெட்டாவின் பின்மண்டை மட்டும்தான். பதினோரு வருடத்தில் அதை நான் அப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன். பிடரியில் வியர்வை, வெளுத்துப்போன ஊதாத் துணி, அதன் கெட்டி முடிச்சு.

தோள்கள் இரண்டும் மெல்ல இறங்கின. வலது கை பின்னால் வந்து, பார்க்காமலே முடிச்சைத் தேடிப் பிடித்து அவிழ்த்தது.